நாய்க்குட்டி கேட்கும் பிள்ளைகள்

மன்னார்குடி,
புரட்டாசி மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சென்னை வேலையை விட்டுக் கும்பகோணத்து வீட்டுக்கே நீ திரும்பிவிட்டதும், தங்கையும் பிள்ளைகளும் அதற்குள் ஊரோடு ஒட்டிக்கொண்டதும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே கடைமடை வரை தண்ணீர் எட்டிவிட்டதால் சம்பா நடவு தடையின்றி நடக்கிறது. அம்மாவின் முழங்கால் வலிதான் அப்படியே இருக்கிறது.

பெரியவன் லேப்ரடார் குட்டி கேட்கிறான், சின்னவள் கிளி கேட்கிறாள், எதை வாங்குவது என்று எழுதியிருக்கிறாய். கிளியை இப்போதே மறந்துவிடு. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; சந்தையில் ஒருவர் விற்கிறார் என்பதால் அது முறையாகிவிடாது. பறவைதான் வேண்டுமென்று சின்னவள் அழுதால், லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் ஆஸ்திரேலியக் குருவிகளுக்கு அந்தத் தடை இல்லை. முயலைப் பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதே. கத்திரி வெயில் அதற்கு ஆகாது. நான்கு வயதுக் குழந்தை தூக்கிக் கீழே போட்டால் அதன் முதுகெலும்பும் தாங்காது.

நாய் விஷயத்தில், யாருக்காக வாங்குகிறோம் என்பதைவிட யார் வளர்க்கப்போகிறோம் என்பதையே நீ முதலில் யோசிக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையன் கொஞ்சுவான், நினைவு வந்தால் சோறும் வைப்பான்; ஆனால் விடியலில் எழுந்து வெளியே அழைத்துப்போவதும், கழிவை அள்ளுவதும், காது மடலில் உண்ணி பார்ப்பதும், தடுப்பூசித் தேதியைக் குறித்து வைப்பதும் உன் தலையிலும் தங்கையின் தலையிலும்தான் விழும். லேப்ரடார் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்று அதைக் கேட்கிற பையன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் அது உன் வீட்டுத் திண்ணையில்தான் படுத்திருக்கும். அது சாதுவான இனம்தான், மறுக்கவில்லை. ஆயினும் வளர்ந்தால் முப்பது கிலோவைத் தொடும் நாய் ஆசையோடு பாய்ந்தாலே சின்னவள் விழுந்துவிடுவாள். அதன் அடர்ந்த ரோமம் நம் சித்திரை வெயிலுக்கு ஏற்றதும் அன்று. நாட்டு இனமாயிற்றே என்று ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ உனக்குப் பரிந்துரைக்க ஊரில் பலர் இருப்பார்கள். வேட்டைக்காக வளர்க்கப்பட்ட அந்த நாய்களுக்கு ஓட இடம் வேண்டும். உன் வீட்டில் அந்த இடம் ஏது?

என் யோசனை, தெருவில் பிறந்த சாதாரண நாட்டுக் குட்டி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சோறு வாங்கித் தின்று, பிள்ளைகளின் நடுவே படுத்து உறங்கும் ஒரு தாய் நாய் இருக்கிறது. குட்டியை மட்டும் பார்த்து மயங்குவதைவிட, மனிதர்களிடம் தாய் எப்படிப் பழகுகிறது என்று பார்த்து முடிவு செய்வதே மேல். நம் பக்கத்துத் தெரு நாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் குட்டி போடுகின்றன. எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது. விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது. அதைக் கற்காமல் வருகிற குட்டி உன் பிள்ளைகளின் கையைக் கடித்துத்தான் கற்கும். இப்போதே எங்காவது கிடைத்தாலும் வாங்கிவிடாதே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லையெல்லாம் சேறாகக் கிடக்கும்போது குட்டிக்கு வெளியே போகும் பழக்கத்தை ஏற்படுத்துவது கடினம். எலி நடமாடும் தேங்கிய நீரால் வரும் எலிக்காய்ச்சல் நாயையும் விடாது. நாயிடமிருந்து மனிதருக்கும் அது வரக்கூடும்.

பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை, குட்டி தாயோடு இருக்கும்போதே ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி போட்டு, பின்பு மருத்துவர் சொல்லும் முறையில் தொடர வேண்டும். ஊசி போட்ட நாயே ஆனாலும் பல் பட்டுவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடு; மஞ்சள் வைத்துக் கட்டும் வேலையெல்லாம் வேண்டாம். சாப்பிடும் நாயின் அருகே போகக் கூடாது என்பதைப் பெரியவனுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். சின்னவளையும் நாயையும் சில ஆண்டுகளுக்குத் தனியே விடவே கூடாது.

கொல்லையில் கன்று வளர்க்கலாமா என்று உன் அம்மா கேட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் தெருவோடு தெருவாக ஒட்டிய நகரத்து வீட்டில் வைக்கோல் போர் எங்கே போடுவாய்? திருத்துறைப்பூண்டிக்கு அருகே கொருக்கையில் அந்த இனத்துக்கான அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் எல்லோரையும் இங்கே அழைத்து வந்தால், அந்தப் பக்கமும் ஒருமுறை போய்வருவோம். அப்போது எங்கள் தெருக் குட்டிகளையும் தங்கை பார்த்து முடிவு செய்யட்டும். அதற்குள் உன் வீட்டு வாசலுக்கு ஒரு கம்பிக் கதவு போட்டு வை.

அன்புடன்,
உன் நண்பன்.