கண்மாய்க்குச் செடி எடுக்க வருகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ஞாயிறு காலை காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்க்குப் போகிறோம், மீன்தொட்டிக்குச் செடி எடுக்க. ஊருணியில் யாரும் இறங்க வேண்டாம், பல ஊர்களில் அதுதான் குடிதண்ணீர். மடைக்குக் கீழே வாய்க்கால் போதும். பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தால் அதையும் விட்டுவிடுவோம்.

வேலம்பாசியில் நுனியை ஒரு சாண் கிள்ளினாலே பிழைத்துக்கொள்ளும், வேர் தேவையில்லை. கொட்டி அப்படியில்லை, கிழங்கோடு எடுக்க வேண்டும். கண்மாய் வற்றும்போது கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, மழைக்கு மறுபடி துளிர்க்கிற செடி அது. அதனால் தொட்டியில் இலை அழுகினால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், கிழங்கு கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். குளத்தையே மூடிவிடும் ஆகாயத்தாமரையை மட்டும் யாரும் கேட்காதீர்கள், சாமி!

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டியில் போடக் கூடாது. தட்டானின் இளம்புழு ஒன்று ஒளிந்திருந்தாலும் கப்பி மீன் குஞ்சுகள் காலி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து, 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அப்புறம் 2 வாரம் தனி வாளி. மிச்சச் செடியை வெயிலில் காயப்போடுங்கள், வேறு எந்தக் குளத்திலும் கொட்ட வேண்டாம்.

வருகிறவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள். வாளி அவரவர் கொண்டு வரவும்.