செல்ஜூக்கியர் வீழ்ந்தது உட்பகையால்

ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் ஞாயிறு மலரில், ஈரானையும் அதைச் சூழ்ந்த நாடுகளையும் ஆண்ட துருக்கிய மரபினரின் செல்ஜூக் பேரரசு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1040-இல் தந்தானகான் போரில் கஜினி சுல்தானை முறியடித்ததும், 1071-இல் மான்சிகெர்ட்டில் பைசாந்தியப் பேரரசரையே சிறைபிடித்ததும் அருமையாக விவரிக்கப்பட்டுள்ளன. ஆனால், பேரரசின் வீழ்ச்சிக்குச் சிலுவைப் போர்களே காரணம் என்று கட்டுரை கூறுவது ஏற்கத்தக்கதன்று. சிலுவைப் படை 1097-இல் அனத்தோலியாவுக்குள் (இன்றைய துருக்கி) நுழையுமுன்பே பேரரசு உடைந்துவிட்டது. 1092-இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் சுல்தான் மாலிக் ஷாவும் இறந்தார். மூத்தவனுக்கே பட்டம் என்ற உறுதியான நெறி அங்கு இல்லை. அரசு, குடும்பத்தின் பொதுச்சொத்து. ஆகவே மகன்களும் சிற்றப்பனும் ஒருவர்மீது ஒருவர் வாளெடுத்தனர்.

அரசவையில் அதற்கு முன்பே இருந்த உட்பகையை, அவர்களின் தலைநகரான இஸ்பஹானின் ஜும்ஆ மசூதியில் இன்றும் காணலாம். தெற்கே நிஜாமுல் முல்க் எழுப்பிய பெரிய குவிமாடம். வடக்கே, ஓரிரு ஆண்டுகளில் அவருடைய அரசியல் எதிரி தாஜுல் முல்க் கட்டிய குவிமாடம். ஈரான் பயணத்தின்போது வட மாடத்தின் கீழ் நின்று பார்த்தேன். பூச்சின்றி, வெறும் செங்கல்லாலேயே ஐங்கோணக் கோலம் இழைத்திருக்கிறார்கள். அத்தனை நேர்த்தி! 1157-இல் மறைந்த, மாலிக் ஷாவின் மகன் சுல்தான் சஞ்சார் வரையிலான வாரிசுப் போர்களை, வரைபடத்துடனும் வம்சாவளிப் பட்டியலுடனும் தனிக் கட்டுரையாகத் தாங்கள் வெளியிட வேண்டும்.

- ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மதுரை