கிளாஸ் பெயருக்கு ஒரு டாக்பிளாக்

அன்புள்ள செந்தில்,

கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் நலம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த ஆடியிலும் தென்னைகளைப் போட்டு உலுக்குகிறது. மகளை இங்கேயே தமிழ் மீடியத்தில் சேர்த்துவிட்டேன், அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் பிஎச்பி கோடில் ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தரும் கன்டெய்னரிடம் கிளாஸ் பெயரைக் கொடுத்து ஆப்ஜெக்ட் வாங்குகிறீர்கள், ஆனால் அம்புக்குறி போட்டதும் எடிட்டர் ஒரு மெத்தடைக்கூடக் காட்டுவதில்லை. காட்டாதுதான். பாராமீட்டரில் வெறும் ஸ்ட்ரிங் என்று இருந்தால், வருவது ஊர்ப் பெயரா கிளாஸ் பெயரா என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஃபங்ஷனுக்கு மேலே கமென்ட்டாக எழுதும் டாக்பிளாக்கில் 'டெம்ப்ளேட் டி ஆஃப் ஆப்ஜெக்ட்' என்று ஒரு வரி எழுது. 'டி' என்பது வரப்போகும் கிளாஸுக்கு ஒரு தற்காலிகப் பெயர். பாராமீட்டருக்கு 'கிளாஸ்-ஸ்ட்ரிங்<டி>', ரிட்டர்னுக்கு 'டி'. அவ்வளவுதான். இன்வாய்ஸ் கிளாஸின் பெயரை உள்ளே கொடுத்தால் இன்வாய்ஸ் ஆப்ஜெக்ட்தான் திரும்பும் என்று பிஎச்பிஸ்டார்ம் எடிட்டர் புரிந்துகொள்ளும். கோடை ஓட்டாமலே பிழை தேடும் கருவிகளில் சாம் இதை முன்பே படித்துக்கொண்டிருந்தது, பிஎச்பிஸ்டானில் 2019 டிசம்பரில் 0.12 வெளியானபோது வந்தது. ஆப்ஜெக்ட் என்ற இடத்தில் உங்கள் இன்டர்ஃபேஸ் பெயரைப் போட்டால் இன்னும் நல்லது. சம்பந்தமில்லாத கிளாஸை யாராவது கொடுத்தால் அங்கேயே பிடிபடும்.

மேற்கோள் குறிக்குள் பெயர் எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்தச் சொல். 2013-இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்பிலிருந்தே கிளாஸ் பெயருக்குப் பின்னால் போடும் '::கிளாஸ்' இருக்கிறது. ஆனால் அது பெயரை முழுதாக விரித்துக் கொடுக்குமே தவிர, அப்படி ஒரு கிளாஸ் இருக்கிறதா என்று பார்க்காது. எழுத்துப் பிழை இருந்தால் 'நியூ' போடும்போதுதான் வெடிக்கும். பிஎச்பிஸ்டானை ஓட்டினால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஓடும்போது பிஎச்பிக்கு டாக்பிளாக்கில் எழுதியதெல்லாம் வெறும் கமென்ட். கான்ஃபிக் ஃபைலிலிருந்தோ டேட்டாபேஸிலிருந்தோ வரும் பெயரை 'இஸ்_ஏ' ஃபங்ஷனை வைத்துச் சோதித்தே ஆக வேண்டும். மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாக 'ட்ரூ' கொடு, இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்கை அது ஏற்காது. அந்தச் சோதனையைத் தாண்டிய வரிகளில் பிஎச்பிஸ்டானும் அதைக் கிளாஸ் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

புதுசாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மெத்தட் தேடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவர்களுக்காகவாவது இந்த வாரமே கன்டெய்னரில் தொடங்கு. எழுதியதை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், கோயம்புத்தூரிலிருந்து வரும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
முருகேசன்