நம் ஜூனியர் அணியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் உங்கள் கட்டுரையாளர், "சொந்த மண்ணில் உலகக் கோப்பை நடத்தியும் ஒரே ஒரு கோலோடு முடிந்துபோன கதைதான் நம் ஜூனியர் கால்பந்து" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பல வருஷமாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், கடுமையாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கோல் எப்படி வந்தது என்று அவர் பார்த்தாரா? 2017 அக்டோபர் 9, டெல்லி, பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை, எதிரே கொலம்பியா. மூன்று நாளைக்கு முன்புதான் நம் பையன்கள் அமெரிக்காவிடம் 3-0 என்று தோற்றிருந்தார்கள். முதல் பாதி முடிகிற நேரத்தில் நம் பையன் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இடைவேளை முடிந்து வந்ததுமே கொலம்பியா ஒரு கோல் அடித்துவிட்டது. 82-வது நிமிடம் நமக்கு ஒரு கார்னர், சஞ்சீவ் ஸ்டாலின் தூக்கிக் கொடுத்த பந்தை மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் எம்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல் அது. அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி அடித்து 2-1 என்று ஜெயித்தது உண்மை, அப்புறம் கானாவிடம் 4-0 என்று தோற்றதும் உண்மை. ஆனால் கதை அதோடு முடிந்ததா?

2018-ல் மலேசியாவில் நடந்த பதினாறு வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் போட்டியை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வியட்நாமை 1-0 என்று ஜெயித்தோம், இந்தோனேசியாவோடும் ஈரானோடும் கோல் விடாமல் டிரா செய்தோம், காலிறுதியில் தென்கொரியாவிடம் 1-0 என்று தோற்றோம். போட்டி முழுக்க நம் பையன்கள் வாங்கியது அந்த ஒரே கோல்தான். அதில் ஜெயித்திருந்தால், போட்டியை நடத்துகிற நாடு என்ற சலுகை இல்லாமல், ஆடியே அடுத்த உலகக் கோப்பைக்குப் போயிருப்பார்கள். அதே வருஷம் ஸ்பெயினில் நம் இருபது வயதுக்கு உட்பட்டோர் அணி அர்ஜென்டினாவின் இருபது வயது அணியை 2-1 என்று தோற்கடித்தது. இன்னும் பின்னால் போனால், 1974-ல் பாங்காக்கில் ஷபீர் அலி தலைமையில் போன இளைஞர் அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானோடு 2-2 டிரா செய்து, ஆசிய இளைஞர் கோப்பையை ஈரானோடு பகிர்ந்து வாங்கி வந்தது. 2025 நவம்பரில் அகமதாபாத்தில், ஒரு கோல் பின்தங்கியிருந்து அதே ஈரானை 2-1 என்று ஜெயித்துப் பதினேழு வயது அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மறுநாள் உங்கள் இதழில் தேடினேன், மூலையில் நான்கு வரி இருந்தது. தோற்றால் அரைப் பக்கம், ஜெயித்தால் நான்கு வரி, இது என்ன நியாயம்?

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பையன்கள் எங்கே தொலைகிறார்கள் என்று கண்ணால் பார்த்தவன். பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வார்கள், கேட்டால் ரிசல்ட் யார் காட்டுவது என்பார்கள். ஒரு முறை குறுவட்டப் போட்டியில் பதினாலு வயதுப் பிரிவில் எதிரணிக்குப் பின்வரிசையில் ஆட ஒருவன் வந்தான். முகவாய் முழுக்க அன்று காலையில் ஷேவ் செய்த பச்சை, ஷூ என்னுடைய ஷூவைவிடப் பெரிசு. நான் போய்க் கேட்டேன். "சர்டிபிகேட் சரியா இருக்கு சார், அப்புறம் என்ன?" என்றார் போட்டியை நடத்தியவர். எங்கள் பக்கம் ஃபார்வர்டு ஆடிய ஏழாம் வகுப்புப் பையன், நல்ல வேகக்காரன், இரண்டு காலாலும் அடிப்பான், அந்த ஆளோடு மோதி விழுந்து முழங்கை பிசகியது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவனை அவன் அம்மா அப்புறம் மைதானத்துப் பக்கமே விடவில்லை. ஆசியப் போட்டிகளில் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்து வயது பார்க்கிறார்கள், அங்கே இந்த சர்டிபிகேட் வேலை செய்யாது. ஆனால் அங்கே போக வேண்டிய நிஜமான பதினாலு வயதுக்காரனை இங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே, அவனை எப்படித் திரும்பக் கூட்டி வருவது? இதைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறாரா?

பெண் பிள்ளைகள் கதை இன்னும் கொடுமை. 2020-ல் இங்கே நடக்க வேண்டிய பதினேழு வயது மகளிர் உலகக் கோப்பை கொரோனாவால் தள்ளிப்போய், பிறகு ரத்தே ஆனது. அதற்காகப் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிட்டது, அவ்வளவுதான், இன்னொரு வாய்ப்பு கிடையாது. 2022-ல் மறுபடி நமக்குக் கிடைத்தபோது, போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டில், கால்பந்து சங்கத்து நிர்வாகச் சண்டையால் ஃபிஃபா இந்தியாவையே தடை செய்து, பிறகு நீக்கியது. நடக்குமா நடக்காதா என்ற கலக்கத்தோடு ஆடப் போன பிள்ளைகள் அமெரிக்காவிடம் 8-0 என்று தோற்றார்கள், மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0. ஸ்கோரை எல்லாப் பத்திரிகையும் பெரிய எழுத்தில் போட்டன, அந்த இரண்டு மாதத்தில் பெரியவர்கள் செய்த கூத்தை அதோடு சேர்த்து யாரும் போடவில்லை.

2017 அணிப் பையன்களைச் சிதற விடாமல் 'இந்தியன் ஏரோஸ்' என்ற பெயரில் பெரியவர்கள் ஆடும் ஐ-லீக் கிளப் போட்டியில் ஆட வைத்தார்கள். வாரா வாரம் பெரியவர்களோடு மோதி அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஜீக்சன் பிறகு சீனியர் இந்திய அணிக்கே ஆடினான். 2022-ல் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது ஜூனியர் அணி என்றால் ஒரு போட்டிக்காகச் சேர்த்து, முடிந்ததும் கலைப்பது. ஆட ஆட்டம் கொடுக்காமல் ரெக்கார்டு எங்கே என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன பதில் சொல்லும்?

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 2018 மலேசியப் போட்டியில் நம் அணி வாங்கியது ஒரே கோல் என்பதை அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். சுப்ரதோ கோப்பை, பி.சி. ராய் கோப்பை மாதிரி ஜூனியர் போட்டிகள் நடக்கும் நாட்களில் முடிவுகளைக் கோல் அடித்தவன் பெயரோடு போடுங்கள், பெயர் ரொம்ப முக்கியம். எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் பெயர் ஒரு தடவை செய்தித்தாளில் வந்தபோது, அதைக் கத்தரித்து ஹால் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டு திரிந்தான், அவன் அப்பா அதற்கப்புறம்தான் அவனை வெளியூர் மேட்சுக்கு அனுப்பச் சம்மதித்தார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்