பழைய கணினிகளும் கூடிய விலைமனுவும்

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பு அலுவலகங்கள் பாவனைக்கு உதவாத கணினிகளைக் கழிக்கும்போது பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் பார்க்கின்றன: கூடிய விலை கேட்டவருக்கே சாமான். மேசை, நாற்காலிக்கு இது சரி. கணினிக்குச் சரிவராது. கூடிய விலை போடுபவர் செம்புக்கும் மதர்போர்டுக்கும் மட்டும் கணக்குப் பார்த்தவர். ஈயக் கண்ணாடிக்கும் வீங்கிய பற்றரிக்கும் செலவழிக்க அவரது கணக்கில் இடமில்லை.

களஞ்சிய அறைகளில் இன்னும் கிடக்கும் முதுகு தள்ளிய மொனிட்டரைப் பாருங்கள். 17 அங்குல மொனிட்டர் ஏறக்குறைய 15 கிலோ. அதில் பாதிக்கு மேல் கண்ணாடி, செம்பு ஒரு கிலோகூடத் தேறாது. அந்தச் செம்பில் பெரும்பகுதி உள்ளிருக்கும் கண்ணாடிப் படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் சுருளில் இருக்கிறது. கழுத்தைச் சுத்தியலால் தட்டினால் சுருள் கையோடு வந்துவிடும், ஒரு நிமிட வேலை. மிஞ்சும் புனல் வடிவக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈயம். முன்கண்ணாடியின் உட்புறப் பூச்சு மாவாக உதிரும். இந்தக் கண்ணாடியை முன்பு புதிய குழாய் செய்யவே வாங்கினார்கள். இன்று அத்தகைய குழாய் செய்வோர் அநேகமாக இல்லை, ஆகவே காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கூடிய விலைக்கு எடுத்தவர் அதை எங்கே கொட்டுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வயரும் அப்படித்தான். எரித்த செம்பைவிட உரித்த செம்புக்கு விலை கூட. ஆனாலும் உரிக்கக் கூலி வேண்டும், நெருப்புக்கு ஒரு தீக்குச்சி போதும். பீ.வி.சீ. உறை செம்போடு சேர்ந்து எரியும்போதுதான் டயொக்சின் என்ற கொடிய நச்சு அதிகம் உண்டாகிறது.

மதர்போர்டுகளின் கதை வேறு. நல்ல தரக் கணினிப் போர்ட் ஒரு தொன்னில் 200 கிராம் அளவு தங்கம் இருக்கும். சுரங்கத் தாதில் தொன்னுக்குச் சில கிராம்தான். அதை முறையாக உருக்கிப் பிரிக்கும் பெரிய உலைகள் பெல்ஜியத்தின் ஹோபோக்கன், ஜப்பானின் நவோஷிமா போன்ற சில இடங்களிலேயே உள்ளன. ஆகவே கடல் தாண்டி அனுப்பத்தான் வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அதன் விதி மாறிவிட்டது. ஆபத்தான கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான பாசல் சமவாயத்தின் திருத்தப்படி, ஆபத்தானதோ இல்லையோ, எல்லா இலத்திரனியல் கழிவுக்கும் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். துப்புரவாகப் பிரித்த போர்டுகளுக்கும் விலக்கில்லை.

நடைமுறையில் இது என்ன? அறிவித்தல் படிவம், உருக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம், காப்புறுதி அல்லது நிதி உத்தரவாதம், ஒவ்வொரு அனுப்புதலுக்கும் நகர்வு ஆவணம். இறக்குமதி நாட்டின் சம்மதம் மட்டும் போதாது. கப்பல் இடையில் தொடும் நாட்டின் சம்மதமும் வேண்டும். அந்நாடு பதில் சொல்ல 60 நாள் உண்டு. வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சிங்கப்பூர் வழி என்று படிவத்தில் எழுதியிருக்க, கப்பல் நிறுவனம் வேறு துறைமுகத்தில் பெட்டியை மாற்றினால் பழைய சம்மதம் செல்லாது. செங்கடல் வழி குழம்பிய பிறகு பாதை மாற்றம் சாதாரணமாகிவிட்டது. முன்பதிவு செய்யும்போதே இடைத்துறைமுகத்தை எழுத்தில் உறுதிப்படுத்துவது நல்லது. ஒரே வகைச் சாமானை ஒரே வழியில் அடிக்கடி அனுப்புவோர் 12 மாதத்துக்கு எல்லா அனுப்புதலுக்கும் சேர்த்து ஒரே பொது அறிவித்தல் கேட்கலாம், ஆனால் சம்மதித்த மொத்த எடையைத் தாண்டக் கூடாது.

பொதியிடும்போது சிறிய விடயம் ஒன்று பெரிய இடைஞ்சல் தரும். ஒவ்வொரு மதர்போர்டிலும் சில்லறைக் காசு அளவில் ஒரு லித்தியம் மின்கலம் உண்டு. அதைக் கழற்றாமல் மூட்டைக்குள் போட்டு அழுத்தினால் முனைகள் உரசிச் சூடாகும். இன்னொன்று அலுமினிய வெப்பத்தட்டு. செம்பு உலையில் அலுமினியம் கசடோடு போய்விடும். அதற்கு விலை தரமாட்டார்கள், சுத்திகரிப்புக் கட்டணத்தையும் கூட்டுவார்கள். மடிக்கணினி பற்றரிகளை போர்டுகளோடு அனுப்பவே கூடாது. முனைகளுக்கு ரேப் ஒட்டி, உலர் மணலோ வெர்மிகுலைற் என்ற எரியாத கனிமத் துகளோ இட்டு அடுக்கடுக்காக உருளையில் வைக்க வேண்டும், வீங்கியவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டும்.

உள்ளே வருவதிலும் கவனம் தேவை. "பாவித்த கணினி" என்று வரும் பெட்டியில் ஒவ்வொன்றும் இயங்குவதாகச் சோதித்த பதிவும், உடையாத பொதியும் இல்லாவிட்டால் அதைக் கழிவாகவே கொள்ளலாம். சுங்கக் குறியீட்டில் கழிவுக்கு 8549 என்று தனித் தலைப்பே உண்டு, கணினிக்குரிய 8471 என்று போட்டு வருவதுதான் தந்திரம். அமெரிக்கா பாசல் சமவாயத்தில் கையொப்பமிட்டும் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே தனி உடன்படிக்கை இல்லாமல் அங்கிருந்து இத்தகைய கழிவை எடுக்கவும் முடியாது, அங்கே அனுப்பவும் முடியாது. சட்டவிரோதக் கழிவை அனுப்பிய நாடு 30 நாளுக்குள் திருப்பி எடுக்க வேண்டும் என்று சமவாயம் சொல்கிறது. பிரித்தானியாவிலிருந்து இங்கு வந்து 2019 இல் அகப்பட்ட 263 கழிவுக் கொள்கலன்களின் கடைசித் தொகுதி திரும்பிப் போனது 2022 பெப்ரவரியில்!

ஆகவே அலுவலகங்கள் விலைமனுக் கோரும்போதே நிபந்தனைகளை மாற்ற வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு (ஆபத்தான கழிவு) அனுமதிப்பத்திரம் உள்ளவரே கேட்கலாம் என்று எழுதுங்கள். இந்த ஒழுங்குவிதி 2008 முதல் நடைமுறையில் உள்ளது. மொனிட்டர், பற்றரி, போர்ட் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்து, தொடரிலக்கத்தோடு ஒப்படையுங்கள். கண்ணாடிக்கும் பற்றரிக்கும் அலுவலகமே பணம் கட்ட நேரிடலாம், கணக்காளர் அதற்கு ஆயத்தமாக இருக்கட்டும். எடுப்பவரிடம் ஒரு வைப்புத்தொகை பெற்றுக்கொள்ளுங்கள். உருக்கி முடிந்ததும் உலை நிறுவனம் ஏற்றுமதியாளருக்கு அதை எழுத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டது. அந்தத் தாளின் பிரதியும், நாட்டுக்குள்ளேயே கழித்து முடித்த பகுதிக்கான சான்றிதழும் கைக்கு வந்த பிறகு வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கழிவு ஏற்றுமதித் துறையில் பணியாற்றும் வாசகர்,
கொழும்பு 10