படத்தில் இருப்பது கரிசலாங்கண்ணி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வீட்டு மூலிகைத் தோட்டக் கட்டுரையில், மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தொட்டியில் வளர்த்துக் கீரையாகச் சமைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. ஆனால் அதற்கு மேலே போட்ட படம் வேறு செடியுடையது. சாலைத் தடுப்புத் திட்டுகளிலும் அடுக்கக வாசல்களிலும் பச்சைப் பாய் விரித்தாற்போல் படர விடுகிறார்களே, சிங்கப்பூர் டெய்சி, அதுதான் அது. பெயர்தான் சிங்கப்பூர், பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் இருக்கிறது.

இந்த ஏமாற்றம் எனக்கும் நேர்ந்ததுதான். மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நர்சரியில் ‘மஞ்சள் கரிசாலை’ என்று கேட்டு நாலு பை வாங்கி வந்து கிணற்றடியில் வைத்தேன். ஒரே மழைக்காலத்தில் பக்கத்திலிருந்த வல்லாரைப் பாத்தியை மூடிவிட்டது. பொரியலுக்குப் பறித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது வாத்துக்கால் மாதிரி விரிஞ்சிருக்கே, கரிசலாங்கண்ணி இலைக்கு ஏது கால்?” என்றார். அன்று பறித்தது குப்பைக்குப் போனது. செடியை ஒழிக்க இன்னும் பாடுபடுகிறேன். ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மறுபடி துளிர்க்கிறது.

அத்தை சொன்னதுதான் அடையாளம். இரண்டுக்கும் பூ மஞ்சள், இரண்டும் தரையோடு படரும். பூவைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இலையைப் பார்க்க வேண்டும். நம்முடையது ஒடுங்கி நீண்டு, தடவினால் சொரசொரக்கும். ஓரத்தில் மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு சிறு பல் இருக்கும். மற்றது பளபளப்பாக, நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்தாற்போல் இருக்கும்.

வள்ளலார் தூதுவளை, முசுமுசுக்கையோடு சேர்த்துச் சொன்ன ‘பொற்றலைக் கையாந்தகரை’ நம்முடைய இந்தச் செடிதான். தலையில் தேய்க்கும் எண்ணெய்க்கு வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணி, சட்டிக்கு மஞ்சள் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இன்னொன்றையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். வெடலோலாக்டோன் என்று இன்று மருந்து ஆய்வாளர்கள் பேசும் பொருளை இந்தச் செடியிலிருந்து பிரித்து 1956இல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் உழைத்தவர்களும். அதன் பெயரே இச்செடியின் அன்றைய தாவரவியல் பெயரான வெடலியாவிலிருந்து வந்ததுதான்.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் தானாகக் கிடக்கிற செடி. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். விதைக்குக் காத்திருக்க வேண்டாம். நாலைந்து கணு உள்ள தண்டை நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சாய்த்து ஊன்றி, வேர் பிடிக்கும்வரை நிழலில் வைக்கலாம். மட்கிய சாணம் ஒரு கை. அறுக்கும்போது பிடுங்காமல் தரைக்கு இரண்டு விரல் மேலே கத்தரித்தால் மறுபடி தழையும். ஒரே தோட்டத்தில் இதையும் சிங்கப்பூர் டெய்சியையும் வைக்க வேண்டாம். தென்சீனாவில் இவை இரண்டும் கலந்து ஒரு கலப்பினமே உண்டாகியிருக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள். படத்தைப் பார்த்துப் பறித்து யாராவது உலை வைப்பதற்குள் திருத்தம் வந்துவிட வேண்டும். அசல் செடி கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள். அத்தை வீட்டுக் கொல்லையில் நிறைய இருக்கிறது, ஈரச் சாக்கில் சுற்றித் தண்டு அனுப்புகிறேன்.

ஒரு வாசகி,
திருவையாறு