செடி பாடுகிறதா, கருவி பாடுகிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலைகளில் மின்முனைகளை ஒட்டிச் செடிகளைப் பாட வைத்த கல்லூரிக் கண்காட்சி ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் தஞ்சைப் பதிப்பில் வெளியான செய்தியைப் படித்தேன். உயிரினங்களின் அமைப்பிலிருந்து ஒலிக்கலை படைக்கும் முயற்சி டெல்டா மாவட்டங்களுக்கும் வந்திருப்பது மகிழ்ச்சியே. ஆனால், துளசிச் செடி மோகன ராகம் பாடியதாக எழுதியிருப்பதைத் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் அப்படியே ஏற்க இயலவில்லை.

செடிக்குள் மின்துடிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. தொட்டாற்சிணுங்கியைக் கொண்டு ஜெகதீஷ் சந்திர போஸ் அதை நூறாண்டுக்கு முன்பே அளந்து காட்டினார். கண்காட்சிக் கருவி செய்வது வேறு. இலையின் மின்கடத்தும் திறன் ஏறி இறங்குவதை அது எண்களாக்கி, அந்த எண்களை முன்பே தேர்ந்து வைத்த ஐந்து சுரங்களுக்குள் தள்ளிவிடுகிறது. மோகனத்தின் சுரங்களான ச ரி க ப த என்ற ஐந்தையும் எந்த வரிசையில் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. அதே மின்முனைகளை ஓர் ஈரத்துணியில் மாட்டி, துணியைச் சற்றே தொட்டு அசைத்தாலும் அதே இனிமை வரும். ராகத்தைத் தேர்ந்தவர் மென்பொருள் எழுதியவர். பாராட்டு துளசிக்குப் போகிறது. (1950களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டி.சி.என். சிங் என்ற தாவரவியலாளர் செடிகளுக்கு இசை கேட்க வைத்து ஆய்வு செய்த நாள் முதலே, செடியையும் இசையையும் சேர்த்துப் பேசினால் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.)

உயிரின் ஒழுங்கே ஒலியின் ஒழுங்காக வேண்டுமானால் அதற்கு மின்முனை தேவையில்லை. அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968இல், இழையாக வளரும் பாசி போன்ற உயிர்களின் வளர்ச்சியைச் சில எளிய விதிகளாக எழுதினார். அவற்றுள் புகழ்பெற்றது இது: பெரிய செல் பிரிந்து ஒரு பெரிய செல்லும் ஒரு சிறிய செல்லும் ஆகும், சிறிய செல் வளர்ந்து பெரியதாகும். பெரியதற்குத் 'தகிட' என்றும் சிறியதற்குத் 'தக' என்றும் சொற்கட்டு (தாளத்தை வாயால் சொல்லும் அசைகள்) வைத்துக்கொண்டால், முதல் தலைமுறை தகிட. அடுத்தது தகிட தக. அதற்கடுத்தது தகிட தக தகிட. அதன்பின் தகிட தக தகிட தகிட தக. எழுத்தெண்ணிப் பார்த்தால் 3, 5, 8, 13. ஒவ்வொரு வரியும் முந்தைய இரண்டு வரிகளைச் சேர்த்துக் கட்டியதாக இருப்பதையும், 5 ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடையாகவும் 8 ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனமாகவும், அதாவது ஒரு முழுச் சுற்றாகவும், அமைவதையும், 13 அதற்குள் அடங்காமல் திமிறுவதையும் தவில் பயிலும் மாணவர் உடனே கண்டுகொள்வார். சிறுகத் தொடங்கி ஆறுபோல் விரியும் ஸ்ரோதோவஹ யதி என்ற தாள அமைப்பு நம் லயத்தில் ஏற்கெனவே உள்ளதுதான். இத்தகைய விதிகளைக் கொண்டு கணினியில் வரையும் கோடுகளிலிருந்து இசைக்குறிப்புகளை உருவாக்கும் வழியைப் பிரசெமிஸ்லாவ் புருசின்கிவிச் என்ற கணினி அறிவியலாளர் 1986லேயே காட்டினார். அதற்கும் முன்பு, 1974இல், சென்னையில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியரும் உடன் பணியாற்றியவர்களும் நம் வாசல் கோலங்களுக்கு இலக்கண விதி எழுதியிருந்தார்கள்.

இன்னும் சுவையானது நம் வயலிலேயே இருக்கிறது. சம்பா நடவில் தழைச்சத்துக்காக விடும் அசோலா என்ற சிறு நீர்ப் பெரணியின் ஓர் இலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, கல்லூரிகளில் உள்ள சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால், மணிகோத்தாற்போல் நீலப்பச்சைப் பாசி இழைகள் தெரியும். இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறி, தடித்த சுவருடன் சில செல்கள் நிற்கும். ஹெட்டிரோசிஸ்ட் எனப்படும் அவைதாம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்றதாக்குபவை. தனித்து வாழும் பாசியில் ஏறத்தாழப் பத்துச் செல்லுக்கு ஒன்றாகவும், அசோலாவுக்குள் வாழ்வதில் அதைவிட நெருக்கமாகவும் அவை அமைகின்றன. அப்படி மாறிய செல், பக்கத்துச் செல்கள் தன்னைப்போல் மாறாதபடி ஒரு வேதிக்குறிப்பை அனுப்பித் தடுக்கிறது. செல்கள் பெருகி இடைவெளி நீண்டதும் நடுவே புதிய ஒன்று தோன்றுகிறது. சாதாரணச் செல்லுக்குத் தவிலின் மெல்லிய தட்டும் ஹெட்டிரோசிஸ்டுக்கு ஜால்ராவும் என வைத்தால், சீரானதும் அல்லாமல் தாறுமாறானதும் அல்லாமல் ஒரு தாளம் பிறக்கும். தனித்து வாழும் பாசி வளரும் நீரில் அம்மோனியம் உப்பைக் கலந்தால் அச்செல்கள் தோன்றுவது குறையும், ஜால்ராவும் ஓயும். நீரில் என்ன கலந்தது என்பதைக் காதால் அறிய முடிகிற இவ்வகை ஒலியைத்தான் உயிரின் ஒலி என்று என்னால் ஏற்க முடியும்.

எனவே, திருவையாறு அரசு இசைக் கல்லூரியின் தவில் மாணவர்களும் டெல்டாவிலுள்ள கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களும் ஒரு மேசையில் அமர்ந்து இதைச் செய்து பார்க்க அந்தந்த நிர்வாகங்கள் வழிசெய்ய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அரங்கேற்றும்போது, எந்தச் செல்லுக்கு எந்தச் சொல், எந்த அளவுக்கு எந்தச் சுரம், அவற்றைத் தேர்ந்தவர் யார் என்பதை வாசலிலேயே எழுதி வைக்கட்டும். பாசியின் வரிசைக்குப் பதில் சீட்டுக் குலுக்கி எடுத்த எண்களையும் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று கேட்பவர்கள் சொன்னால், மாற்றும் விதியைத் திருத்தி எழுத வேண்டியதுதான். இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும் தங்கள் செய்தியாளர்களும் ராகத்தைத் தேர்ந்தவர் யார் என்பதை ஒரு வரியில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மன்னார்குடி.